பேஸ்டல் என்றால் வெளிர் நிறமா?

சேலத்தில் எந்தத் துணிக்கடையிலும் 'பேஸ்டல் கலர்ல காட்டுங்க' என்று கேட்டால் இளம் ரோஸும் பிஸ்தா பச்சையும் வந்து விழும். அதனால்தானோ என்னவோ, பேஸ்டல் ஓவியம் என்றாலே வெளிறிய படம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் பேஸ்டல் முதலில் நிறத்தின் பெயரே இல்லை, ஒரு பொருளின் பெயர்.

லத்தீனில் பாஸ்தா என்றால் பிசைந்த மாவு. அது இத்தாலியில் பாஸ்டெல்லோ ஆகி, பிரெஞ்சு வழியாகப் பேஸ்டல் என்று வந்தது. நிறமிப் பொடியோடு சாக்பீஸ் தூள் போன்ற ஒன்றையும் கொஞ்சம் பிசினையும் சேர்த்துப் பிசைந்து, குச்சியாக உருட்டிக் காயவைப்பார்கள். வெள்ளைத்தூள் கூடக் கூட நிறம் வெளிறும்; வெளிர் நிறம் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவின் நடனப் பெண்களைப் பாருங்கள், ஆரஞ்சும் நீலமும் கண்ணைப் பறிக்கும், அதுவும் பேஸ்டல்தான்.

சரி, படத்தின் உணர்வை எப்படிப் படிப்பது? ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலத்தைப் பார்த்து ஒருவர் பேஸ்டலில் வரைந்திருக்கிறார் என்று வையுங்கள். நிறத்தைவிட முதலில் ஓரங்களைப் பார்க்க வேண்டும். விரலால் தேய்த்துக் கரைத்த ஓரம் பனிமூட்டத்தையும் தூரத்தையும் சொல்லும், அழுத்திப் போட்ட ஒற்றைக் கோடு கண்ணை அங்கேயே நிறுத்தும். அப்புறம் காகிதம்: பொடி சொரசொரப்பின் மேட்டில் மட்டும் ஒட்டுவதால் இடுக்குகளில் அடிநிறம் தெரியும், அதே சாம்பல் நீல மலை பழுப்புக் காகிதத்தில் சாயங்கால வெதுவெதுப்போடும் நீலக் காகிதத்தில் விடிகாலைக் குளிரோடும் தெரிவது அதனால்தான். நீலம் என்றால் சோகம் என்று சூத்திரம் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பக்கத்தில் என்ன நிறம், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதுதான் உணர்வைத் தீர்மானிக்கிறது.

தமிழில் பேஸ்டலின் இரண்டு அர்த்தத்துக்கும் இரண்டு சொல் வேண்டும். நிறத்துக்கு 'வெளிர் நிறம்' போதும். குச்சிக்கு 'சுண்ணக்கோல்' என்பேன், சுண்ணம் என்றால் பழந்தமிழில் பொடி, வாசனைப் பொடிக்கும் அதே பெயர்தான். ஆயில் பேஸ்டலுக்கு மட்டும் இது ஒட்டாது, அதில் பிசினுக்குப் பதில் எண்ணெயும் மெழுகும் இருக்கிறது, பொடி உதிராது. அதை 'எண்ணெய் வண்ணக்கோல்' என்று தனியாகச் சொல்லிவிடலாம்.