ஒரு வாளி தண்ணீரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும்

புயல் வந்தால் டிவியில் ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் 120 என்கிறார்கள். குக்கர் வெயிட்டோ சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ கணக்கு. ‘எல்லாம் அழுத்தம்தானே, ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது எப்படி?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பள்ளிப் பாடத்தை ஓட்டமாக முடித்துவிடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நியூட்டன் விசை அழுத்தினால் 1 பாஸ்கல். 100 பாஸ்கல் ஒரு ஹெக்டோபாஸ்கல்; பழைய மில்லிபாரும் அதேதான். 1000 ஹெக்டோபாஸ்கல் ஒரு பார். குக்கரின் ஒரு கிலோ, 0.98 பார்.

இதை மனப்பாடம் செய்யச் சொல்லும் நேரத்தில் பிள்ளைகள் கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டருக்குச் செங்கல்லால் வரப்பு கட்டி, 10 லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். சரியாக ஒரு சென்டிமீட்டர் நிற்கும். அதன் எடை 10 கிலோ. கிலோவுக்கு 9.8 நியூட்டன் வீதம், தரையை அழுத்தும் விசை 98 நியூட்டன். அதாவது 98 பாஸ்கல், கிட்டத்தட்ட ஒரு ஹெக்டோபாஸ்கல்! உப்புக் கனம் சேர்ந்த கடல்நீரை ஊற்றினால் நூறையே தொட்டுவிடும்.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். ஆகவே ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 1.36 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம், 1.333 ஹெக்டோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் தாங்கி நிறுத்தும் 760 மில்லிமீட்டர் பாதரசத்தை இதால் பெருக்கினால் 1013 ஹெக்டோபாஸ்கல் வருகிறது. டாக்டர் சொல்லும் 120-உம் பாதரச மில்லிமீட்டர்தான்; சுமார் 160 ஹெக்டோபாஸ்கல். தண்ணீராக நிறுத்தினால் 163 சென்டிமீட்டர், ஓர் ஆள் உயரம். இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அவ்வளவு தூக்குகிறது.

ஒன்றை மறந்தால் கணக்கு உதைக்கும்: டாக்டரும் குக்கரும் சொல்வது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை. புயல் கணக்கு முழு அழுத்தம்.

இனி அந்த வாளியோடு கடலுக்குப் போகலாம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது நீரை மேலே ஏற்றுவது நம் வாயல்ல. வாய்க்குள் அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று அதைத் தள்ளி ஏற்றுகிறது. புயலின் மையம் ஒரு ராட்சத ஸ்ட்ரா. அங்கே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், சுற்றிலும் உள்ள காற்று கடலை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்த்திவிடுகிறது. செய்தியில் மைய அழுத்தம் 980 என்று கேட்டால் 1013-இலிருந்து கழித்துப் பாருங்கள்: 33 சென்டிமீட்டர். கடலம்மாவுக்குக் கோபம் என்பவர்களிடம் அந்தக் கோபத்தின் அளவைக்கூடச் சொல்லலாம்.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவின் பாராதீப் அருகே கரையைக் கடந்த சூப்பர் புயலின் மைய அழுத்தம் 912. கழித்தால் 101, ஒரு மீட்டர். அன்று ஊருக்குள் புகுந்த அலை ஐந்தாறு மீட்டர் உயரம். மீதியெல்லாம் காற்று கடலைக் கரையை நோக்கி வாரித் தள்ளியது.