முடிவிலியை அளந்து பார்க்க முடியுமா?

1, 2, 3 என்று எண்ணிக்கொண்டே போனால் எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதோடு ஒன்றைக் கூட்டிவிடலாம், இதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் அந்த எண்கள் அத்தனையும் ஏற்கெனவே ஒட்டுமொத்தமாக இருக்கின்றன என்று சொன்னால் அது வேறு பேச்சு. அரிஸ்டாட்டில் முதலாவதை ஏற்றுக்கொண்டார், இரண்டாவதை மறுத்தார். அதற்கப்புறம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலானோர் அவர் பக்கம்தான் நின்றார்கள்.

கணிதத்தில் இதை மாற்றியவர் ஜெர்மன் கணிதவியலாளர் கேன்டர். அவர் 1891-ல் தந்த நிரூபணம் எனக்குத் தெரிந்ததிலேயே அழகான ஒன்று. 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள தசம எண்களை எல்லாம் ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், வரிசைக்கு முடிவே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இப்போது ஒரு புது எண்ணை உருவாக்கலாம்: முதல் எண்ணின் முதல் இலக்கம் 5 என்றால் 6 போடுங்கள், 5 இல்லையென்றால் 5 போடுங்கள், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்கும் அப்படியே, மூன்றாவதின் மூன்றாவதுக்கும் அப்படியே. இப்படிக் கிடைக்கும் எண் வரிசையிலுள்ள ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலக்கத்திலாவது வேறுபடும், அதனால் அது வரிசையில் இருக்கவே முடியாது! அதாவது 1, 2, 3 என்று எண்ணி வரிசைப்படுத்தினால் இந்தத் தசம எண்கள் அதற்குள் அடங்காது. ஆக, முடிவிலிகளிலும் சிறியது, பெரியது உண்டு.

சரி, கணிதத்தில் முரண் இல்லாமல் இருப்பது உலகத்திலும் இருக்க வேண்டுமா? கேன்டரின் முடிவிலியை விட்டுத்தரவே மாட்டோம் என்று 1925-ல் முழங்கிய கணிதவியலாளர் ஹில்பர்ட், அதே உரையில்தான் இயற்கையில் எங்கும் முடிவிலி காணப்படவில்லை என்றும் சொன்னார்.

இயற்பியலின் அனுபவமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. சூடான பொருள் வெளிவிடும் கதிர்வீச்சைப் பழைய இயற்பியல்படி கணக்கிட்டால், அலைநீளம் குறையக் குறைய ஆற்றல் ஏறிக்கொண்டே போய் மொத்தம் முடிவிலி என்று வரும். 1900-ல் இயற்பியலாளர் பிளாங்க், ஆற்றல் துண்டு துண்டாகத்தான் பரிமாறப்படுகிறது என்று வைத்துப் போட்ட சூத்திரத்தில் அந்த முடிவிலி இல்லை, விடையும் சோதனையோடு பொருந்தியது. கருந்துளையின் மையத்தில் அடர்த்தி முடிவிலி என்கிறது ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல். இயற்பியலாளர்கள் பலர் அதை உண்மையான அளவாக எடுத்துக்கொள்வதில்லை, கோட்பாடு அங்கே செல்லாது என்பதற்கான அறிகுறியாகவே படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உலகத்தில் உண்மையிலேயே முடிவிலியாக இருக்கக்கூடியவற்றில் மிச்சமிருக்கும் வலுவான வேட்பாளர், பிரபஞ்சம் விரிந்து கிடக்கும் வெளியின் பரப்பு. நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் விட்டம் சுமார் 9,300 கோடி ஒளியாண்டுகள், ஆனால் அது நம் பார்வையின் எல்லை, வெளியின் எல்லை இல்லை. அளந்தவரையில் வெளி வளைவில்லாமல் தட்டையாகத் தெரிகிறது. அப்படியென்றால் அது முடிவற்றதா என்றால், கட்டாயமில்லை: மிகப் பெரிய கோளத்தின் ஒரு சிறு துண்டும் தட்டையாகத்தான் தெரியும், தட்டையாகவே இருந்துகொண்டு தன்னோடு தானே இணைந்து மூடிக்கொள்ளும் வெளியும் சாத்தியம். வெளி அப்படி மூடியிருந்து, போதுமான அளவு சிறியதாகவும் இருந்தால், ஒரே இடத்தின் ஒளி இரண்டு திசைகளிலிருந்து நம்மிடம் வரும். பிரபஞ்சத்தின் ஆரம்பக் காலத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் வந்துகொண்டிருக்கும் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சில் அந்தத் தடயத்தைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வெளி முடிவுள்ளது என்று உறுதியாகியிருக்கும். முடிவற்றது என்று காட்ட அப்படி ஒரு தடயம் கிடையாது, ஏனென்றால் எந்தக் கருவியில் எதை அளந்தாலும் கிடைப்பது ஓர் எண்ணும் அதன் பிழை வரம்பும் மட்டும்தான்.