ராஃபிள்ஸுக்கு முன்பே வந்த ஜூரோங் தீவு

அக்கா மகன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். வியூக விளையாட்டு ஒன்றுக்கு யாரோ ஓர் ஆர்வலர் செய்து கொடுத்த மலாக்கா நீரிணை வரைபடம். ஆண்டு 1819, ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆண்டு. "மாமா, ராஃபிள்ஸ் இன்னும் வந்து இறங்கவே இல்ல, அதுக்குள்ள ஜூரோங் தீவு வந்திருச்சு பாருங்க!" உண்மைதான். சிங்கப்பூரில் ஏழு சிறு தீவுகளை இணைத்து 1990-களில் உருவாக்கத் தொடங்கிய தீவு, அங்கே முழுசாக நின்றது. கிழக்கே சாங்கி விமான நிலையத்தின் நிலமும் தயார்.

இது எப்படி நடக்கிறது? விளையாட்டில் தெரியும் மலை, பள்ளத்துக்கெல்லாம் அடியில் சாம்பல் நிறப் படம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் ஓர் உயரம். கறுப்பு கடலடி, வெள்ளை மலை உச்சி. இதைக் கையால் வரைய யாருக்குப் பொறுமை? 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. கரையோரக் கோடுகளையும் இன்றைய வரைபடத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். ரேடாருக்கு வரலாறு தெரியாது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம், கவனிக்காமல் விட்டால் சோழர் காலத்திலும் தேங்கி நிற்கும்.

சிங்கப்பூரின் பரப்பு 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று சுமார் 735. 'யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4' என்ற வியூக விளையாட்டு உலகம் முழுவதையும் 5632 பிக்சல் அகலத்தில் அடக்குகிறது. நிலநடுக்கோட்டருகே ஒரு பிக்சல் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். ஆக கடலைத் தூர்த்து மீட்ட நிலம் மொத்தமும் அங்கே மூன்றே பிக்சல். அதற்குச் சண்டை போடுவது வீண். ஆனால் நீரிணையை மட்டும் பெரிதாக்கி, பிக்சலுக்கு 100 மீட்டர் என்று வரைந்தால் அதே நிலம் 15,000 பிக்சலுக்கு மேல் போகும். அப்போது தெலுக் ஆயர் தெருவில் இறங்க வேண்டிய படகு எங்கோ நடுநிலத்தில் தரைதட்டும். அந்தத் தெருதான் அன்று கடற்கரை. பிறகு அங்கே எழுந்த நாகூர் தர்காவும் தியான் ஹோக் கெங் சீனக் கோயிலும் கடலைப் பார்த்தபடி நின்றன.

சரி, பழைய கரையை எப்படி மீட்பது? 1840-களின் நகர வரைபடம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, இன்றும் இடம் மாறாமல் இருப்பவற்றைத் தேட வேண்டும்: சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், நாகூர் தர்கா, ஃபோர்ட் கேனிங் குன்று. பழைய படத்தில் ஒரு குத்து, இன்றைய ஆயத்தொலைவில் ஒரு குத்து. இப்படி மூன்று புள்ளி கிடைத்தாலே மென்பொருள் பழைய படத்தை நகர்த்தி, சுழற்றி, இழுத்துப் பொருத்திவிடும். நான்காவதும் ஐந்தாவதும் எதற்கென்றால், எத்தனை மீட்டர் பிசகுகிறது என்று பார்க்க. கரையோரத்தைப் புள்ளியாக வைக்கவே கூடாது. தேடுவதே அதைத்தானே! அப்புறம், சிங்கப்பூர் ஆற்றின் தென்கரைச் சதுப்பை 1822-இலேயே நிரப்பியிருக்கிறார்கள். 1819 வேண்டுமானால் அதையும் கழிக்க வேண்டும்.

பழையது என்பதற்காக எல்லா வரைபடத்தையும் நம்பவும் முடியாது. 1822-இல் வரைந்த ஜாக்சன் வரைபடத்தில் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடும். நம்மவர்களுக்கு 'சூலியா கம்போங்' என்று தனி இடமும் உண்டு. அது நகரம் எப்படி அமைய வேண்டும் என்ற திட்டம். இருந்த நகரம் அல்ல.

கரையைத் திருத்திய பிறகு, விளையாட்டு நிலத்தை ஆட்சிப் பகுதிகளாகப் பிரிக்கும் மாநிலப் படம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே ஒரு நிறம். அந்த நிறத்தின் எண்தான் அதன் முகவரி. பையன் ஓரம் மென்மையான தூரிகையால் கரையை வரைந்துவிட்டான். இரண்டு நிறம் கலந்த இடத்தில் பட்டியலிலேயே இல்லாத நூறு நிறங்கள் முளைத்தன. விளையாட்டு திறக்கவே இல்லை. ஒரு மாலை முழுக்க அதைத் துடைப்பதிலேயே போனது.

இப்போது அதே படத்தில் 1025-இலிருந்து ஆடவும் ஒரு தொடக்கம் சேர்க்கிறான். ஒரு மாநிலத்துக்கு ஓர் உரிமையாளர்தான் இருக்க முடியும் என்பதால், மலாய்த் தீபகற்பம் முழுக்க ராஜேந்திர சோழனின் நிறம். தஞ்சாவூர்க் கல்வெட்டு கடாரம், இலங்காசோகம் என ஊர் ஊராகத்தான் சொல்கிறது, எல்லைக்கோடு எதையும் காட்டவில்லை. துறைமுகங்களை மட்டும் நிறம் மாற்று, உள்நாட்டை வெறுமையாக விடு என்றேன். ஜூரோங் தீவை மறுபேச்சில்லாமல் அழித்தவன், இதற்கு மட்டும் மடிக்கணினியை மூடிவிட்டான்.