புட்ச் என்பது புரட்சி அன்று

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தங்கை மகள், '1923ஆம் ஆண்டின் முக்கிய நிகழ்வுகள்' என்று தலைப்பிட்ட கையேட்டுப் பக்கத்தை என்னிடம் நீட்டி, "ஒரே வருஷத்துல இத்தனை புரட்சியா, மாமா?" என்று கேட்டாள். பல்கேரியப் புரட்சி, ஸ்பெயின் புரட்சி, ஹாம்பர்க் புரட்சி, மியூனிக் புரட்சி என வரிசையாக நான்கு இருந்தன. 'புட்ச்' போன்ற ஆட்சிப்பறிப்பு முயற்சிகளையெல்லாம் 'புரட்சி' என்று மொழிபெயர்க்கும் இந்தப் பிழையை இதற்குமுன் பல நூல்களில் பார்த்துப் பொறுத்திருக்கிறேன். படிக்கிற பிள்ளை அதை மனப்பாடம் செய்வதைக் கண்டபின் பொறுக்க இயலவில்லை.

'புட்ச்' சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் வழக்குச் சொல். முட்டு, இடி என்பது பொருள். 1839இல் சூரிச் அரசை வீழ்த்திய நிகழ்ச்சிக்கு அப்பெயர் வழங்கியபின் அது அரசியல் சொல்லாயிற்று. சிறு குழுவொன்று ஆயுதத்தோடு பாய்ந்து ஆட்சியைப் பறிக்க முனைவதையே இன்று அது குறிக்கிறது. நம் 'புரட்சி'யோ புரட்டுதலிலிருந்து வந்தது. கீழது மேலாகும்படி மக்கள் திரண்டு ஓர் அமைப்பையே மாற்றுவதை அதில் கேட்கிறோம்.

1923 நவம்பர் 8 இரவு, ஜெர்மனியின் பவேரிய மாநிலத் தலைநகர் மியூனிக்கின் பீர் மண்டபமொன்றில் பவேரிய ஆட்சியாளர் குஸ்தாவ் ஃபான் கார் பேசிக்கொண்டிருந்தபோது, ஆயுதமேந்திய ஆட்களோடு நுழைந்த ஹிட்லர் கூரையை நோக்கிச் சுட்டு, "தேசியப் புரட்சி வெடித்துவிட்டது" என்று அறிவித்தார். பிறகு ஃபான் காரையும், படைத்தலைவர் லோசோவையும், காவல் தலைவர் சைசரையும் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்த் துப்பாக்கியைக் காட்டி இசையவைக்க முயன்றார். மறுநாள் அவர் ஆட்களோடு நடத்திய ஊர்வலம், காவலர்கள் சுட்டதும் சிதறிவிட்டது. அதற்குப் புரட்சி என்று பெயர் சூட்டியவர் ஹிட்லர்தான். அவர் சொன்னதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே வழிமொழிகிறார்கள். மாலுமிகளும் தொழிலாளர்களும் எழுந்து ஜெர்மன் பேரரசர் கைசரை முடிதுறக்கச் செய்த 1918 நவம்பர் நிகழ்ச்சிக்கும் அதே சொல்லை இட்டால், படிப்பவர் எதைக் கொண்டு வேறுபாடு காண்பார்?

இதற்கு மாற்றாக இலங்கைத் தமிழ் எழுத்திலும் இடதுசாரி எழுத்திலும் 'சதிப்புரட்சி' வழங்குகிறது. 'சதி' என்ற அடை புரட்சியின் பெருமையைக் குறைத்துவிடும் என்பது அவர்கள் வாதம். என்னால் இதை ஏற்க முடியவில்லை. தமிழ்த் தொகைச்சொல்லில் தலைமை பின்னே நிற்கும். மண்குடமும் குடந்தான், அதுபோலச் சதிப்புரட்சியும் புரட்சியில் ஒருவகையாகவே கொள்ளப்படும். சதி என்பதும் எங்கும் பொருந்தாது. 1923 செப்டம்பர் 13 அன்று பார்சிலோனாவில் படைத்தளபதி பிரிமோ தெ ரிவேரா வெளிப்படையாக அறிக்கை விடுத்தே ஸ்பெயினின் ஆட்சியைக் கோரினார். மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ அவரிடமே அரசை ஒப்படைத்தார். முன்னே மறைவான பேச்சு நடந்திருப்பினும், நிகழ்ச்சியின் பெயராக நிற்க வேண்டியது நடந்த செயலே; அதற்கு முந்திய கூட்டாலோசனை அன்று.

'ஆட்சிக்கவிழ்ப்பு' நாளிதழ் படிக்கும் எவருக்கும் விளங்கும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அரசு வீழ்வதையும் அவ்வாறே சொல்கிறோமே என்பது நியாயமான தடை. 'இராணுவ' என்ற அடையைச் சேர்த்தால் அது நீங்கும். ஜூன் 9 அன்று பல்கேரியாவில் பிரதமர் ஸ்தம்போலிஸ்கியின் அரசு வீழ்த்தப்பட்டதும், ஸ்பெயினில் நடந்ததும் இராணுவ ஆட்சிக்கவிழ்ப்பு. மியூனிக்கில் ஆட்சி கவிழவில்லை என்பதால் அது ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி. அக்டோபரில் ஹாம்பர்க்கின் பொதுவுடைமையர் காவல் நிலையங்களைத் தாக்கியதை ஆயுதக் கிளர்ச்சி என்று கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.