கஃபாலா: தமிழில் பிணைமுறை

சவூதி விசா வந்துவிட்டால் லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் எழும் முதல் கேள்வி, "கஃபீல் எப்படிப்பட்ட ஆளு?" என்பதுதான். வளைகுடா நாடுகளில் அந்தக் கஃபீலுக்கு, அதாவது விசா தரும் ஸ்பான்சருக்கு, அதிகாரம் தரும் முறையின் பெயர் கஃபாலா.

அரபியில் க-ஃப-ல என்ற வேருக்குப் பொறுப்பேற்றல் என்று பொருள். கடனுக்கு ஜாமீன் நிற்பதும் கஃபாலா, ஆதரவற்ற குழந்தையை ஏற்று வளர்ப்பதும் கஃபாலா. ஈசா நபியின் (இயேசுவின்) தாய் மர்யமை ஸகரிய்யா நபி பொறுப்பேற்றதைக் குர்ஆன் இந்த வேர்ச்சொல்லால்தான் சொல்கிறது. வேலை விசாவுக்குள் நுழைந்த பிறகு அதன் நிறம் மாறிவிட்டது. தொழிலாளி நாட்டில் தங்குவதற்கு அரசிடம் ஒருவர் பொறுப்பேற்கிறார். பழைய வடிவில் இக்காமா என்னும் வசிப்பு அட்டை, வேலை மாற்றம், ஊர் திரும்பும் அனுமதி எல்லாம் அவர் கையில். 'ஹுரூப்', அதாவது ஓடிவிட்டான் என்று அவர் பதிந்தால், சம்பள பாக்கி கேட்டவன் குற்றவாளியாகிவிடுவான்.

ஸ்பான்சரைப் 'புரவலர்' என்று எழுதுவோர் உண்டு. புலவருக்குப் பரிசில் தந்தவன் புரவலன். பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டியவன் அல்லன். 'கொத்தடிமை'யும் சரிவராது: அங்கே கட்டிப்போடுவது முன்பணக் கடன், இங்கே வசிப்புரிமை. 'பிணை'தான் பொருந்துகிறது. ஜாமீனுக்கும் பிணை என்று பெயர், கட்டுக்கும் பிணை என்று பெயர். ஆகவே கஃபாலா பிணைமுறை, கஃபீல் பிணையாளர்.

அரசின் வேலையைத் தனியாளிடம் கொடுத்ததால் வரும் சிக்கல், வீட்டுத் தகராறுகூட நேரே தூதரகத்துக்குப் போய்விடுவது. பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்ப, தூதரகம் அவுட்பாஸ் என்னும் பயணத்தாள் எழுதித் தரலாம். எக்ஸிட், அதாவது நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதி, அடிக்க அந்நாட்டு அரசுதான் வேண்டும். 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடல் ஃப்ரீசரில் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. வீடுகளில் சிக்கிய பெண்களைத் தூதரக ஊழியர்களே வெளியே கொண்டுவரும் காணொளி பரவ, ஏப்ரலில் குவைத் பிலிப்பைன்ஸ் தூதரை வெளியேற்றியது. மே மாத உடன்பாட்டில் எழுதப்பட்டவை: முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, கைப்பேசி வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒருநாள் ஓய்வு. இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டு பெற்றது இவ்வளவுதான்.

இந்தியா வேறு வழியில் போனது. பணிப்பெண்ணை நேரடியாக எடுக்கும் கஃபீல் 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்றது. பிணையாளரிடமே பிணை! குவைத் இசையவில்லை, 2017இல் இந்தியா அதைக் கைவிட்டது.

2021 மார்ச்சில் சவூதி வேலை மாறுவதைத் தளர்த்தியபோதும் வீட்டு வேலையாட்களும் வீட்டு டிரைவர்களும் அதற்குள் வரவில்லை. இதனால்தான் விசாத் தாளில் ஸ்பான்சர் எண்ணைப் பார்க்க வேண்டும். 7இல் தொடங்கினால் நிறுவனம், 1இல் தொடங்கினால் தனியாள். ஏஜெண்ட் "கம்பெனி வேலை" என்று சொல்லியும் எண் 1இல் தொடங்கினால், பணம் கட்டுமுன் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அரபி தெரிந்தவரிடம் படிக்கச் சொல்லுங்கள்.