டம்பாலா: பாம்புத் தெய்வம் கடல் தாண்டிய விதம்

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், உய்தா நகரத்தில் மலைப்பாம்புகளுக்கு ஒரு கோயில் இருக்கிறது. எதிரே கத்தோலிக்கப் பேராலயம். கோயிலில் இருப்பவை நஞ்சில்லாத ராஜ மலைப்பாம்புகள்; எலி பிடித்துத் தின்பவை. ராத்திரியில் ஏதாவது ஒன்று யார் வீட்டிலாவது புகுந்துவிட்டால் அடிக்க மாட்டார்கள். பக்குவமாக எடுத்துக் கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள்.

1727இல் தாகோமி நாட்டின் அரசர் அகாஜா இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார். அதற்கு முன்பும் பின்பும் இங்கிருந்து ஏராளமானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம், இன்று ஹைட்டி எனப்படும் பிரெஞ்சுக் காலனி. அந்தத் தீவில் மலைப்பாம்பே கிடையாது. கோயில் கட்டவும் வழியில்லை. அடிமைகள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கட்டாயம் என்று 1685ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் சொன்னது. அப்புறம் எப்படி அந்தத் தெய்வம் பிழைத்தது?

மனித உடம்பில்தான். ஹைட்டியின் வூடு சமயத்தில் பாம்புத் தெய்வத்தின் பெயர் டம்பாலா. பூசைக்கு முன் அவருக்குரிய கோலத்தை மாவால் தரையில் வரைவார்கள். ஆடுகிறவர்களின் காலிலேயே அது அழிந்துபோகும். பறிமுதல் செய்ய எதுவும் மிஞ்சாது. மத்தளம் முழங்க, பாட்டு உச்சத்துக்குப் போகும்போது யாராவது ஒருவர்மேல் சாமி இறங்கும். அவரை அந்தத் தெய்வத்தின் குதிரை என்பார்கள். டம்பாலா வந்தால் அந்த ஆள் தரையில் விழுந்து நெளிவார், நடுத்தூணில் ஏறப் பார்ப்பார். பேச்சு வராது, சீறல் மட்டும்தான். உடனே வெள்ளைத் துணி போர்த்துவார்கள். வெள்ளை மாவின்மேல் முட்டை வைத்துப் படைப்பார்கள். அந்த ஆப்பிரிக்க மலைப்பாம்பைப் பார்த்தே இராத தலைமுறையும் அதன் அசைவை ஆட்டத்தில் கற்றுக்கொண்டது. எழுத்தும் சிலையும் இல்லாமல் ஒரு மதத்தைக் காப்பாற்றிய இந்த அறிவு என்னை மலைக்க வைக்கிறது.

கத்தோலிக்கப் படங்களையும் அவர்கள் விடவில்லை. புனித பேட்ரிக் அயர்லாந்திலிருந்து பாம்புகளை விரட்டியவர் என்பது ஐதீகம். படத்தில் அவர் காலடியில் பாம்புகள் இருக்கும். அது போதுமானதாக இருந்தது. அந்தப் படம் டம்பாலாவின் படமாயிற்று.

டம்பாலாவின் மனைவி ஐடா வெடோ, வானவில். உலகத்தைச் சுற்றிக்கொண்டு தாங்குகிற வானவில் பாம்பைப் பற்றி பெனினின் ஃபோன் மக்கள் சொல்வதன் தொடர்ச்சி இது. பிரேசிலின் பாகியாவில் இதே வானவில் பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் வழியாக வந்து ஒசுமாரே என்ற பெயரில் வழிபடப்படுகிறது. அங்கே சாமியாடுபவர் கையை வானத்துக்கும் மண்ணுக்கும் மாறி மாறிக் காட்டி ஆடுவார்.