ஏலக்காய் மணம் திரும்பி வரும் வழி

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர் கேட்ட கேள்வி இது. கொரோனாவில் அவருக்கு வாசனை அடியோடு போய்விட்டது. ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது, ஆனால் கோணலாக. காபி கொதித்தால் ரப்பர் எரிகிற நாற்றம். குமுளிப் பக்கத்துக் காயை உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தாலும் அதே கருகல். "எங்க மாமாவுக்குக் காது நரம்பு போனது போனதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூக்கு நரம்பு மட்டும் எப்படித் தம்பி திரும்ப முளைக்குது?"

வீட்டில் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருக்கிறார்கள். நெடி ஏறி இருமல் வந்ததாம். மிளகாய் நெடியை உணர்வது வாசனை நரம்பே இல்லை, முகத்துக்கு வரும் வேறொரு நரம்பு. அதனால்தான் மூக்கு போனவருக்கும் இருமல் வருகிறது. திருஷ்டி என்று நம்பி இப்படி மாதக்கணக்கைக் கழிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, நரம்புக்கு வருவோம். மூக்கின் உச்சியில் உள்ள சிறிய சவ்வில்தான் வாசனை நரம்புச் செல்கள் இருக்கின்றன. தூசி, புகை, கிருமி எல்லாம் நேராக அவற்றின் மேல் படும். அதனால் அவை அடிக்கடி சாகும். சவ்வின் அடியில் இருக்கும் அடித்தளச் செல்கள் பிரிந்து புதிய நரம்பைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். காதின் ஒலி வாங்கும் மயிர்ச்செல்களுக்கு மனிதரிடம் இந்த வசதி கிடையாது. கொரோனா கிருமி பெரும்பாலும் தாக்கியது நரம்பை இல்லை, அதைத் தாங்கி நிற்கும் பக்கத்துச் செல்களை. தாங்குகிறவர்கள் விழுந்தால் நரம்பும் தடுமாறும்.

முளைப்பதை விட எனக்கு வியப்பு, முளைத்தது வழி கண்டுபிடிப்பதுதான். மனிதருக்குச் சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனை மூலக்கூறைப் பிடிக்கும் புரதங்கள், உண்டு. ஒரு நரம்பு அவற்றில் ஒன்றை மட்டும் அணிந்துகொள்கிறது. ஏற்பி மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் நோபல் கிடைத்தது. மூக்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஒரே வகை நரம்புகள், சல்லடைபோல் துளையிட்ட எலும்பு வழியே மேலேறி, மூளையில் வாசனைச் செய்தியை முதலில் வாங்கும் முகர்குமிழில் தமக்குரிய ஒரு சில முடிச்சுகளில் போய்ச் சேர்கின்றன. புதிதாகப் பிறந்த நரம்பும் அதே முடிச்சுகளைத் தேடிப் போக வேண்டும்!

வழித்துணைக்கு உறைச்செல்கள் இருக்கின்றன. நரம்பிழைகளைக் கட்டுக்கட்டாகச் சுற்றிப் பிடித்திருக்கும் இவை, பழைய இழை செத்த பிறகும் பாதையைத் திறந்தே வைத்திருக்கும். வரப்பு அழியாத வாய்க்காலில் மறுபடி தண்ணீர் விட்டதுபோல் புதிய இழை அதில் போகும். எலிகளில் சவ்வை மட்டும் சிதைத்தால் புதிய இழைகள் ஏறக்குறைய சரியான இடத்துக்கே போகின்றன. நரம்புக் கட்டையே வெட்டினால் பல இழைகள் தப்பான முடிச்சில் போய் ஒட்டுகின்றன. அக்காவின் கருகல் நாற்றத்துக்கும் இப்படிப்பட்ட அரைகுறை இணைப்பு ஒரு காரணமாக இருக்கலாம்.

இதே உறைச்செல்களை வைத்து 2012-ல் போலந்தில் முதுகுத்தண்டு வெட்டுப்பட்ட ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அவருடைய முகர்குமிழிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து வைத்தார்கள். பிடிமானத்துடன் கொஞ்சம் நடந்தார். ஒரே ஒருவரின் கதை, அதனால் பெரிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூக்கு ஆராய்ச்சிக்குப் பணம் தரத் தயங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு நான் சொன்னது ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் வெளியிட்ட பயிற்சி: ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும் முகர வேண்டும், 12 வாரம். "ஏலக்காயையும் சேத்துக்கலாமா?" என்றார். தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.